தர உறுதிப்பாடு: ‘குவாலிட்டி அஷ்யூரன்ஸ்’ என்பதற்குச் சரியான தமிழ்ச் சொல் எது?

குவாலிட்டி அஷ்யூரன்ஸ் என்பதைத் தர உத்தரவாதம், தர உறுதி, தர உறுதிப்பாடு என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். சிலர் தரக் கட்டுப்பாடு என்றே எழுதிவிடுகிறார்கள். அது பிழை. நிலநடுக்கத்திலோ போரிலோ இடிந்த பள்ளிக்கூடத்தையும் பாலத்தையும் திரும்பக் கட்டும் நாட்டில், இந்தப் பிழை சுவருக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

முதல் பாதியைப் பார்ப்போம். லத்தீனில் ‘குவாலிஸ்’ என்றால் ‘எப்படிப்பட்டது’. கிரேக்கத் தத்துவச் சொல் ஒன்றுக்கு ஈடாக, ரோமானியச் சொற்பொழிவாளர் சிசரோ அதிலிருந்து ‘குவாலிடாஸ்’ என்ற சொல்லை ஆக்கினார். நல்லது என்ற பொருள் அதன் வேரில் இல்லை. நம் ‘தரம்’ என்ற சொல்லும் அப்படித்தான். சோழர் கல்வெட்டுகளில் நிலத்தைத் தரம் பிரித்திருக்கிறார்கள். தரம் இடப்படாத நிலம் ‘தரமிலி’. அங்கே தரம் என்பது வகுப்பு, நிலை. கட்டுமானத்துக்கு இந்தப் பழைய பொருள்தான் பொருந்துகிறது. எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று முன்பே எழுதிவைக்காவிட்டால், ‘தரமான கட்டடம்’ என்பது வெறும் பாராட்டு.

இரண்டாம் பாதியான அஷ்யூரன்ஸ், லத்தீன் ‘செக்யூரஸ்’ என்ற சொல்லிலிருந்து வருகிறது. ‘செ’ என்றால் இல்லாமல், ‘கூரா’ என்றால் கவலை. ஆக, கவலை இல்லாத நிலைக்குக் கொண்டுசெல்வது. தர மேலாண்மைக்கான பன்னாட்டுத் தர ஆவணமான ஐ.எஸ்.ஓ. 9000 தரும் வரையறையும் இதை ஒட்டியே இருக்கிறது: தேவைகளை நிறைவேற்றுவதில் கவனம் வைப்பது கட்டுப்பாடு; அவை நிறைவேறும் என்ற நம்பிக்கையைத் தருவது அஷ்யூரன்ஸ்.

கட்டும் இடத்தில் இந்த வேறுபாடு எப்படித் தெரியும்? 150 மி.மீ. அச்சில் கான்கிரீட் கியூப் (மாதிரிக் கனசதுரம்) எடுத்து, 28-ஆம் நாள் அழுத்தி உடைத்துப் பார்ப்பது தரக் கட்டுப்பாடு. ஆனால் அதற்குள் அந்தத் தூணுக்கு மேல் அடுத்த தளமே ஏறியிருக்கலாம். சோதனை தோற்றால் என்ன செய்வது? மணல் எங்கிருந்து வருகிறது, அதில் உப்போ களிமண்ணோ உண்டா, கலவையில் தண்ணீரைக் கூட்டுவது யார், தூண் கம்பியைச் சுற்றும் ரிங்கின் முனைகள் 135 பாகை உள்நோக்கி வளைந்திருக்கின்றனவா, கான்கிரீட் போடும் முன் அதைப் பார்த்துக் கையெழுத்திடுவது யார், சரியில்லை என்றால் வேலையை நிறுத்த அவருக்கு அதிகாரம் உண்டா – இவற்றையெல்லாம் முன்கூட்டியே ஏற்பாடு செய்வதுதான் அஷ்யூரன்ஸ். கடைசிக் கேள்வி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நிறுத்தும் அதிகாரம் இல்லாத ஆய்வாளரால் யாருக்கும் நம்பிக்கை தர முடியாது.

நேபாளத்தைப் பாருங்கள். 2015 ஏப்ரல் 25-இல் வந்த நிலநடுக்கத்தில் சுமார் 9,000 பேர் இறந்தார்கள். லட்சக்கணக்கான வீடுகள் விழுந்தன. கட்டட விதிகளை அந்நாடு 1994-லேயே வகுத்திருந்தது. ஆனால் மலைக் கிராமங்களில் பெரும்பாலான வீடுகளைக் கட்டியவர்கள் பொறியாளர் துணையில்லாத கொத்தனார்கள். விதி இருந்தும், அது அவர்கள் கைக்குப் போய்ச் சேரவில்லை. மீள்கட்டுமானத்தின்போது வீட்டுக்கு 3 லட்சம் நேபாள ரூபாயை மூன்று தவணையாகத் தந்தார்கள். ஒப்பந்தம் கையெழுத்தானதும் 50,000. அடித்தளத்தைப் பொறியாளர் பார்த்த பிறகு 1,50,000. சுவர் எழுந்து அடுத்த ஆய்வும் முடிந்த பிறகு 1,00,000. கூடவே கொத்தனார்களுக்குப் பயிற்சியும் நடந்தது. தரத்தைப் பார்க்கும் வேலையைப் பணம் போகும் வழியிலேயே வைத்தார்கள். ‘உறுதிப்பாடு’ என்றால் இதுதான். தொலைவான மலை ஊர்களுக்குப் பொறியாளர் நடந்தே போக வேண்டியிருந்தது. அந்த நடையும் இந்தச் சொல்லின் பொருளுக்குள் அடங்கும்.

சரி, எந்தச் சொல்லைக் கொள்வது? உத்தரவாதத்தில் உள்ள ‘உத்தரம்’ வடமொழியில் பதில். பழுதானால் பதில் சொல்கிறேன், ஈடு தருகிறேன் என்ற பொறுப்பு அது; கேரண்டிக்குப் பொருந்தும். ஆனால் இடிந்த பிறகு வரும் ஈடு, உள்ளே இருந்த பிள்ளைகளுக்கு எதற்கு? ‘காப்புறுதி’ இலங்கைத் தமிழில் இன்சூரன்ஸ், அதுவும் ஒத்துவராது. ‘உறுதிப்படுத்தல்’ ஒருமுறை சரிபார்த்து முடிப்பதைப் போல ஒலிக்கிறது. ‘உறுதி’ திடத்தைச் சொல்லும், நன்மையையும் சொல்லும். அறம், பொருள், இன்பம், வீடு நான்கையும் உறுதிப்பொருள்கள் என்கிறோம் அல்லவா? அதோடு ‘பாடு’ சேர்ந்தால், தொடர்ந்து நிலைபெற்றிருக்கும் தன்மை வந்துவிடுகிறது. ஆகவே, தர உறுதிப்பாடு.

அப்புறம், ரீகன்ஸ்ட்ரக்ஷன் என்பதற்குப் புனரமைப்பு என்பதைவிட மீள்கட்டுமானம் தெளிவு. பூச்சு வேலையைக்கூடப் புனரமைப்பு என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஒப்பந்தப் பத்திரம் எழுதும்போது இப்படிப் பிரிக்கலாம். கியூப் முடிவும் கம்பிச் சோதனையும் ‘தரக் கட்டுப்பாட்டு அறிக்கை’யில் வரும், அது ஒப்பந்ததாரரின் வேலை. யார், எப்போது, எதைப் பார்ப்பது, எந்தக் கட்டத்தில் வேலை நிற்கும் என்பதெல்லாம் ‘தர உறுதிப்பாட்டுத் திட்டத்தில்’ வரும். அது கட்டச் சொன்னவரின் கையில், முதல் குழி தோண்டும் முன்பே இருக்க வேண்டியது.