மகாபொலவும் விதானையாரின் பேனையும்

உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளியும் வெளியாகி, பல்கலைக்கழகப் பதிவுக்கான நாள் நெருங்கினால் என் அலுவலக வாசலில் செருப்புகள் கூடிவிடும். திருகோணமலை மாவட்டத்தில் 22 வருடம் கிராம உத்தியோகத்தராக இருந்தேன். நகரத்தில் ஜி.எஸ். என்பார்கள். மூதூர், வெருகல் பக்கத்து வயதானவர்களுக்கு நான் இன்றைக்கும் விதானையார்தான்.

அந்த நாட்களில் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "மகாபொலவுக்கு ஒரு கையெழுத்து வேணும் ஐயா." மகாபொல என்பது பல்கலைக்கழக மாணவருக்கு மாதாமாதம் கிடைக்கும் புலமைப்பரிசில். கையெழுத்து மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு வருவதில்தான் கோளாறே தொடங்குகிறது. கையெழுத்துக்கு மேலே ஒரு தொகையை எழுத வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம். நான் எழுதி, பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட பிறகு, பிள்ளையின் மூன்று நான்கு வருடச் சாப்பாடும் அறை வாடகையும் அந்த ஒற்றை வரியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

மகாபொல நம்பிக்கை நிதியம் 1981இல் லலித் அத்துலத்முதலி அமைச்சராக இருந்தபோது சட்டம் மூலம் உருவானது. அதில் இரண்டு பிரிவுகள். திறமைப் பிரிவுக்கு இசட் புள்ளி, அதாவது பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் உயர்தரப் புள்ளி, பேசும். சாதாரணப் பிரிவுக்கு வீட்டு நிலைமை பேச வேண்டும். பல வருடங்களாகத் திறமைப் பிரிவுக்கு மாதம் 5,050 ரூபாய், சாதாரணப் பிரிவுக்கு 5,000 ரூபாய். "கெட்டித்தனத்துக்கு அரசாங்கம் போட்ட விலை 50 ரூபாய்" என்று அலுவலகத்தில் பகிடி விடுவோம். பகிடியை விட்டுப் பார்த்தால், அது நியாயமான கணக்கு என்றே எனக்குப் படுகிறது. கெட்டிக்காரப் பிள்ளைக்கும் கஷ்டப்பட்ட பிள்ளைக்கும் பசி ஒன்றுதானே.

2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல 7,500 ரூபாயாக உயர்ந்தது. மகாபொல கிடைக்காதவர்களுக்குப் பர்சரி என்று எல்லோரும் சொல்லும் உதவுதொகை இருக்கிறது. அது 4,000 ரூபாயிலிருந்து 6,500 ரூபாய்க்கு ஏறியது. இரண்டையும் ஒருவரே பெற முடியாது.

சரி, திறமை என்பதாவது ஊர் பார்க்காமல் வருகிறதா? அதுவும் இல்லை. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வி வசதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் அனுமதி பிரிக்கப்படுகிறது. அந்தப் பின்தங்கிய பட்டியலில் திருகோணமலையும் உண்டு. ஈச்சிலம்பற்றில் இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லாமல் படித்த பிள்ளையையும் கொழும்பில் மூன்று ரியூஷன் போன பிள்ளையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்று அரசாங்கமே ஒத்துக்கொண்ட ஏற்பாடு அது. ஆனால் அந்தக் கணக்கைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்த்துக்கொள்ளும். பிள்ளை எந்த அலுவலகத்துக்கும் அலைய வேண்டியதில்லை. வறுமை அப்படியில்லை. அதை வாய் திறந்து சொல்ல வேண்டும், கடதாசியில் காட்ட வேண்டும். நம் சனம் தோற்பது அங்கேதான்.

என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். குச்சவெளிப் பக்கத்துக் கடற்றொழிலாளி ஒருவர், மகனுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்த சந்தோஷத்தில், வெள்ளைச் சேட்டு போட்டுக்கொண்டு வந்தார். ஆடி மாதம். கடல் நல்லாக இருந்த நேரம்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு வரும் அண்ணை?"

"கடல்தாய் புண்ணியத்தில் நாலாயிரத்துக்குக் குறையாது ஐயா."

மகன் பக்கத்தில் நிற்கிறான். வெளியில் ஊர்க்காரர் நாலு பேர். எந்தத் தகப்பன் குறைத்துச் சொல்வான்? வரிசை நீளம் என்ற அவசரத்தில் நான் 4,000த்தை 25 நாளால் பெருக்கி, அதைப் பன்னிரண்டால் பெருக்கி, 12 இலட்சம் என்று எழுதிவிட்டேன்.

கிழக்குக் கரையில் பிறந்தவன் எழுதக்கூடிய கணக்கா அது? வாடைக் காற்று தொடங்கினால் ஐப்பசி கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் சின்னப் படகுகள் பெரும்பாலும் கரையில்தான் கிடக்கும். கடல் திறந்திருக்கும் மாதங்களிலும் மண்ணெண்ணெய், ஐஸ், வலைத் திருத்தம், கூடப் போகிறவரின் பங்கு எல்லாம் போன பிறகு வீட்டுக்கு வருவதுதான் வருமானம். படகு கரைக்குக் கொண்டுவந்ததை நான் வீட்டு வருமானமாக எழுதினேன். அந்தப் பொடியனுக்கு மகாபொலவும் இல்லை, பர்சரியும் இல்லை. தாயின் தோடும் சங்கிலியும் அடகுக்குப் போய்த்தான் படித்து முடித்தான். எனக்கு இது தெரிய வந்தது பிறகுதான்.

அதற்குப் பிறகு நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "ஒரு நாளைக்கு எவ்வளவு" என்று யாரிடமும் கேட்பதில்லை. தம்பலகாமத்து வயற்காரரிடம் எத்தனை ஏக்கர், எத்தனை போகம், குத்தகையா சொந்தமா, உரத்துக்கு எவ்வளவு கடன் என்று கேட்பேன். மேசனிடம் போன மாதம் எத்தனை நாள் வேலை, மழை மாதத்தில் எத்தனை நாள் என்று கேட்பேன். பக்கத்தில் ஆள் நின்றால் அனுப்பிவிடுவேன். தாயிடம் கேட்டால் இன்னும் சரியான கணக்கு வரும். இது அனுபவம்.

மற்றப் பக்கமும் உண்டு. வருமானம் பூச்சியம் என்று எழுதச் சொல்லி நிற்பவர்கள். கிண்ணியாவில் ஒரு உம்மா, கணவர் கட்டாரில், "அவர் ஒன்றும் அனுப்புறல்ல சேர்" என்றார். வீட்டுக்குப் பின்னால் புது அறை எழும்பிக்கொண்டிருந்தது. பூச்சியம் எழுதினால் நம்புகிறவர்கள் யாரும் இல்லை. சாப்பிடாமல் ஒரு குடும்பம் எப்படி இருக்கும் என்று சந்தேகம்தான் வரும். பொய் என்று பின்னர் தெரிந்தால் பிள்ளைக்குத்தான் தொல்லை. உண்மையான சிறிய தொகை பூச்சியத்தை விடப் பலமானது. அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு பெறும் குடும்பம் என்றால் அதற்கான அத்தாட்சியையும் சேர்த்து வையுங்கள்.

எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது இன்னொரு வகை. தகப்பன் காணாமற்போன வீடுகள். படிவத்தில் தகப்பனின் தொழில், வருமானம் என்று இரண்டு கட்டம் இருக்கும். மரணச் சான்றிதழ் எடுக்கத் தாய் சம்மதிக்க மாட்டார். எப்படிச் சம்மதிப்பார்? கட்டத்தை வெறுமையாக விட்டால் விண்ணப்பம் குறையாகிவிடும். 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு காணக்கிடையாமைச் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. ஆள் இறந்துவிட்டார் என்று அது சொல்லாது. அப்படிப்பட்ட தாய்மாருக்கு நான் முதலில் அதைத்தான் விளங்கப்படுத்துவேன். சம்மதமோ இல்லையோ, அது அவர்களுடைய முடிவு.

விண்ணப்பத்தில் பலர் கவனிக்காமல் விடும் இன்னொன்று சகோதரர் விபரம். வீட்டில் படிக்கும் தம்பி தங்கைகள் எத்தனை பேர், வீட்டுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் கணக்கில் வரும். நிலாவெளிப் பிள்ளை கோணேசபுரி வளாகத்துக்கு வீட்டிலிருந்தே போய்வரலாம். அதே பிள்ளைக்கு மாத்தறைப் பக்கம் ருகுணு கிடைத்தால் கதையே வேறு. ஆகவே தம்பி தங்கைகளின் பிறப்புச் சான்றிதழ், பாடசாலை அதிபரின் கடிதம் எல்லாம் எடுத்து வாருங்கள். பெயர் எழுத்து அடையாள அட்டையில் ஒருவிதம், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு விதம் என்றால் உயர்தரம் எழுதும் முன்பே திருத்திவிடுங்கள். கடைசி வாரத்தில் நடக்கிற காரியம் இல்லை அது.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். பெயர் வந்துவிட்டது என்பதற்காக முதல் மாதமே கையில் காசு வராது. முதல் தவணை வரப் பல மாதம் ஆகலாம், பிறகு நிலுவையோடு சேர்ந்து வரும். முதல் அரையாண்டுச் செலவுக்கு வேறு வழி பார்த்து வையுங்கள்.

உள்ளூர்ப் பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு வாசல் மூடியதென்று இல்லை. அரச அங்கீகாரம் பெற்ற தனியார் பட்டப்படிப்புகளுக்கு 2017இல் தொடங்கிய வட்டியில்லாக் கடன் இருக்கிறது. ஆனால் அது கடன், புலமைப்பரிசில் அல்ல. பிணையாளர் வேண்டும், திருப்பிக் கட்ட வேண்டும். இந்திய அரசாங்கம் இலங்கை மாணவருக்குத் தரும் நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் பட்டப்படிப்புக்கானது, கட்டணத்தோடு மாத உதவித்தொகையும் உண்டு. மருத்துவம் அதில் சேராது. எங்கள் பக்கத்திலிருந்து விண்ணப்பிப்பவர்கள் குறைவு. ஆங்கிலப் படிவத்தைப் பார்த்தே பின்வாங்கிவிடுகிறார்கள். இதில் எதற்கும் முன்பணம் கட்ட வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் புலமைப்பரிசில் உறுதி, செயன்முறைக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள் என்று யாராவது சொன்னால் அந்த இலக்கத்தைத் தடுத்துவிடுங்கள்.

குச்சவெளிக்காரர் மூன்று வருடம் கழித்து மறுபடி வந்தார். இந்த முறை மகளுக்கு. தனியாக வரவில்லை, மனைவியும் கூட. அந்த அம்மா பையிலிருந்து ஒரு எண்பது பக்கக் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். முதல் பிள்ளைக்கு நடந்ததிலிருந்து எழுதி வந்திருக்கிறார். எந்த நாள் கடலுக்குப் போனது, எத்தனை கிலோ, மண்ணெண்ணெய்க்கு எவ்வளவு, சம்மாட்டிக்கு, அதாவது தொழிலுக்கு முதல் போட்டவருக்கு, கொடுக்க வேண்டியதில் எவ்வளவு கழிந்தது. மார்கழிப் பக்கங்களில் தேதி மட்டும்; எதிரே "கடல் இல்லை".

இருவரையும் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு, கல்குலேட்டரை எடுத்துக் கூட்டத் தொடங்கினேன். 3 இலட்சத்து 40 ஆயிரம் வந்தது. வெளியில் வரிசை நின்றது. நிற்கட்டும் என்று இன்னொரு தடவை கூட்டினேன்.