கன்று வாங்குமுன் தண்ணீரை அளந்துவிடுங்கள்

திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பத்தடி இடம் இருந்தால் ஒரு கொய்யாவோ ஒரு சப்போட்டாவோ வளர்க்கலாம். எந்த மரம் என்பதை உங்கள் போர் தண்ணீர்தான் முடிவு செய்யும். மீஞ்சூர் பக்கம் தொடங்கி வடசென்னைக் கடலோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் கடல் உப்பு ஏறியிருக்கிறது. அந்த உப்பால் இலை நுனியும் ஓரமும் கருகினால், சத்துப் போதவில்லை என்று நினைத்து யூரியாவை அள்ளிப் போடுகிறோம். உரமும் மண்ணில் உப்பைப் போலத்தான் வேலை செய்யும். கருகல் இன்னும் கூடும்.

குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷினைப் பழுது பார்க்கும் மெக்கானிக் கையில் இருக்கும் டி.டி.எஸ். மீட்டரே அளக்கப் போதும்; தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அது பி.பி.எம். கணக்கில் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று) காட்டும். 600-க்குள் இருந்தால் எலுமிச்சை, மா எல்லாம் வைக்கலாம். 1500 வரை கொய்யா, மாதுளை தாங்கும். அதைத் தாண்டினால் சப்போட்டா, இலந்தையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அளவை மே மாதத்தில் எடுங்கள். மழை முடிந்த கையோடு எடுத்தால் உப்புக் குறைவாகக் காட்டி ஏமாற்றும். ஆர்.ஓ. மெஷின் கழித்து விடும் தண்ணீரில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். வீணாகிறதே என்று அதை மரத்துக்கு ஊற்ற வேண்டாம்.

தினமும் ஒரு சொம்பு ஊற்றுவதும் தவறுதான். மேல் மண் மட்டும் நனைந்து காய்ந்து, உப்பு வேரருகே வெள்ளையாகப் படியும். இளங்கன்றுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை இரண்டு குடம் விட்டால் உப்பு வேரைத் தாண்டிக் கீழே இறங்கும். மணல் பூமி என்றால் இரண்டு நாளைக்கு ஒருமுறை. காய்ந்த சருகை மூன்று அங்குலம் பரப்புங்கள், தண்டைத் தொடாமல்.

அடுத்த ஆபத்து ஐப்பசி, கார்த்திகைத் தண்ணீர். வியாசர்பாடி, கொடுங்கையூர் போலத் தண்ணீர் தேங்கும் இடத்தில், களிமண்ணில் இரண்டடிக் குழி எடுத்து மணலும் எருவும் நிரப்பினால் அது ஒரு தொட்டியாகிவிடும். சுற்றியுள்ள மழைநீர் எல்லாம் அதில் இறங்கி நின்று வேர் அழுகும். அங்கே குழியே வேண்டாம். நாலடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் மேடு போடுங்கள்: செம்மண் இரண்டு பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, வேப்பம்புண்ணாக்கு அரைக் கிலோ. தை மாதம் நட்டால் அடுத்த மழைக்குள் வேர் ஊன்றிவிடும். பப்பாளி மட்டும் அங்கே வேண்டாம். இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே போய்விடும்.

கட்டட இடிசல் கொட்டிய கொல்லை என்றால் சுண்ணாம்பும் சிமென்ட்டும் மண்ணைக் கெடுத்திருக்கும். தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட் கரைத்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம். ஆனாலும் இடிசலை அள்ளிவிட்டு நடுவதுதான் சரி.

ஒட்டுக்கன்று நடும்போது, இரண்டு செடிகளும் இணைந்திருக்கும் ஒட்டுப் பகுதி மண்ணுக்கு அரை அடி மேலே இருக்கட்டும். சப்போட்டாவை பாலைச் செடியின்மேல் ஒட்டுகிறார்கள். ஒட்டுக்குக் கீழிருந்து, நுனி குழிந்த சிறிய இலையோடு கிளை வந்தால் அது பாலை. உடனே கிள்ளிவிடுங்கள், விட்டால் மேலே உள்ள சப்போட்டாவை அமுக்கிவிடும்.

கொய்யா புதுக் கிளையில்தான் பூக்கும். அதனால் வெட்டப் பயப்பட வேண்டாம். இரண்டடியில் நுனியை வெட்டி, நாலு பக்கமும் ஒவ்வொரு கிளை விட்டு, அவை நீண்டதும் பாதியாகக் குறையுங்கள். ஏழடிக்குள் நின்றால் கைக்கெட்டும். காய் எலுமிச்சை அளவு ஆனதும் காகிதப் பையோ வலைப்பையோ கட்டினால் பழ ஈ முட்டை வைக்காது. புழு விழுந்த பழத்தை எருக்குழியில் போடாமல், பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வெயிலில் வையுங்கள்.

புரட்டாசியிலேயே அடர்ந்த கிளைகளை ஒருமுறை குறைத்து, இளமரத்துக்கு இரண்டு பக்கமும் கழி நட்டுச் சணல் கயிற்றால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். தழை அடர்ந்த மரம்தான் புயல் காற்றுக்கு முதலில் சாய்கிறது. பிளாஸ்டிக் கயிறோ கம்பியோ பட்டையை அறுத்துவிடும்.