பூவா தலையா போட்டு உண்மையைக் கேட்பது எப்படி?

“வாசலில் வந்து நிற்கும் முன்பின் தெரியாத ஆளிடம், லஞ்சம் கொடுத்ததை யார் சார் ஒத்துக்கொள்வார்கள்? சர்வேயை எப்படி நம்புவது?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆட்களைக் குலுக்கிப்போட்டுத் தேர்ந்தெடுப்பதெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடும். தேர்ந்தெடுத்தவர் பொய் சொன்னால் என்ன செய்வது?

1965-ல் ஸ்டான்லி வார்னர் என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு வழி சொன்னார். அவர் சொன்னது சுழலும் முள்ளை வைத்து. பின்னால் வந்த எளிய வடிவத்துக்கு ஒரு ரூபாய் நாணயம் போதும்.

திரும்பி நின்று சுண்டுங்கள். என்னிடம் காட்ட வேண்டாம். தலை விழுந்தால் கேள்வி எதுவானாலும் ‘ஆமாம்’ என்று சொல்லுங்கள். பூ விழுந்தால் உண்மையைச் சொல்லுங்கள். சரி, ‘ஆமாம்’ என்கிறீர்கள். லஞ்சம் கொடுத்தீர்களா, தலை விழுந்ததா? எனக்குத் தெரியாது. கதவோரம் நின்று கேட்கும் மாமியாருக்கும் தெரியாது. படிவம் நாளை யார் கையில் சிக்கினாலும் அவருக்கும் தெரியாது.

ஆனால் கணக்கு வந்துவிடும். 1000 பேரில் 600 பேர் ‘ஆமாம்’ என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 500 பேருக்குத் தலை விழுந்திருக்கும். மீதி 100 ‘ஆமாம்’, பூ விழுந்த 500 பேர் சொன்னது. அதாவது 20 சதவீதம். தனி ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாமலே ஊரைப் பற்றித் தெரிந்துவிட்டது! எத்தனை முறை விளக்கினாலும் இந்த இடத்தில் எனக்குப் புல்லரிக்கும்.

இதற்குச் செலவு அதிகம். அந்த 1000 பேரும் நேரடியாகவே உண்மை சொன்னால் பிழை வரம்பு, அதாவது நம் விடை உண்மையிலிருந்து மேலேயோ கீழேயோ விலகக்கூடிய அளவு, சுமார் 2.5 சதவீதப் புள்ளி. நாணயம் வந்தால் 6. பழைய துல்லியம் வேண்டுமென்றால் 6000 பேரைப் பார்க்க வேண்டும். வரதட்சணை, வீட்டுக்குள் நடக்கும் அடி உதை போன்றவற்றை ஆராய அரசு இந்தப் பணத்தைத் தயங்காமல் தர வேண்டும் என்பேன்.

அறிக்கையில் நாணய விதியை மறைத்து ‘60 சதவீதம் பேர் ஆமாம்’ என்று போட்டால், உண்மை மூன்று மடங்காக ஊதிவிடும். அதனால் கேள்வியின் சொற்கள், தட்டிய கதவுகள், மறுத்தவர்கள், பிழை வரம்பு எல்லாமே அதில் இருக்க வேண்டும்.

அப்புறம் இன்னொரு சிக்கல். தலை விழுந்தும் சிலர், “நான் கொடுக்கவே இல்லையே, எதுக்கு ஆமாம்னு சொல்லணும்?” என்பார்கள். 50 பேர் இப்படி மாற்றிச் சொன்னாலே 20 சதவீதம் 10 ஆகிவிடும். அதனால்தான் முதலில், “நேற்று இட்லி சாப்பிட்டீர்களா?” என்று கேட்டு, நாணயத்தைக் காட்டியபடியே இரண்டு மூன்று முறை பழக்கிவிட வேண்டும்.