குளிர் ஊரில் வியர்த்தால்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் கரைகளில் விசைப்படகுகள் வரிசை கட்டி நிற்கும். பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, வலையைச் செப்பனிட்டு முடித்ததும் நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பிடிப்பார்கள். ராத்திரி சாப்பிட்டு ஏறினால் விடியற்காலை கொடைக்கானல். அந்த இரண்டு மாதமும் என் கிளினிக்கில் மலைக்குப் போகிறவர்கள் ஒரு வரிசை, போய்த் திரும்பியவர்கள் ஒரு வரிசை. போகிறவர்கள் வாந்தி மாத்திரை கேட்பார்கள். திரும்பியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

போகாதீர்கள், தின்னாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. ஏரிக்கரையில் நின்று மிளகாய்த்தூள் தடவிய சுட்ட மக்காச்சோளம் தின்னாமல் கொடைக்கானல் போய் வந்தேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். ஆனால் நம் உடம்பு கடற்கரையில் பழகிய உடம்பு. தாகம் எடுத்தால் தண்ணீர், வேர்த்து ஊற்றினால் மோர், வெயில் ஏறினால் நுங்கு, பதநீர் என்று அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், அதாவது 7,000 அடியில், அந்தக் கணக்கு தப்பிவிடும்.

போன வருஷம் மே மாதம் நடந்ததைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். காலை ஐந்தரை மணிக்கு போன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு படகோட்டியின் மனைவி, கொடைக்கானல் லாட்ஜிலிருந்து பேசினார்.

"டாக்டரம்மா, இவுக எந்திரிக்க மாட்டேங்குறாக. ராத்திரி கூட்டாளிகளோட குடிச்சாக. இப்ப என்னமோ உளர்றாக. போதை தெளியட்டும், விடுங்கங்கிறாக எல்லாரும். எனக்குப் பயமா இருக்கும்மா."

"உடம்பு எப்படி இருக்கு? தொட்டுப் பாருங்க."

"சில்லுன்னு இருக்கும்மா. சட்டையெல்லாம் நனஞ்சு கெடக்கு. இந்தக் குளிர்ல எப்புடி வேர்க்கும்?"

கேட்டாரே, அதுதான் சரியான கேள்வி. எங்கள் கரையில் மே மாதம் வேர்க்காத மனிதரே கிடையாது. யாரும் அதைப் பார்த்துப் பதறமாட்டார்கள். கொடைக்கானல் விடியற்காலையில், கம்பளிக்குள் கிடக்கிற ஆளுக்குச் சட்டை நனைகிறது என்றால் அது வெறும் போதை இல்லை. அவர் என்னிடம் சுகருக்கு மாத்திரை வாங்குகிறவர். கிளிமிபிரைடு சேர்ந்த மாத்திரை. ராத்திரி என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன். ரெண்டு பஜ்ஜி, கொஞ்சம் மோமோ, சோறு வேண்டாம் என்றுவிட்டாராம். மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டிருக்கிறார்.

சாப்பாடு இல்லாத நேரத்தில் ரத்தத்துக்குச் சர்க்கரை தயாரித்துக் கொடுப்பது கல்லீரல். மது உள்ளே போனால் கல்லீரல் அந்த வேலையைத் தள்ளிவைத்துவிட்டு மதுவைக் கரைக்கப் போய்விடும். இன்னொரு பக்கம் மாத்திரை இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். இரண்டும் சேர்ந்தால் விடியற்காலை நேரத்தில் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போகும். அப்போது குளிரிலும் வேர்க்கும். உளறல், தள்ளாட்டம், தூக்கக் கலக்கம் எல்லாம் குடித்தவரைப் போலவே இருக்கும். பக்கத்தில் மது வாசனையும் இருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

அந்த அம்மா கெட்டிக்காரர். சுகர் குறைந்திருக்குமோ என்று அவராகவே யோசித்து, ஊருக்கு வாங்கிய சாக்லேட்டில் ஒரு துண்டைக் கணவர் வாயில் வைத்திருக்கிறார். யோசனை சரி, பொருள்தான் சரியில்லை. சாக்லேட்டில் கொழுப்பு அதிகம். அது இருக்கிற வரை இனிப்பு ரத்தத்தில் மெதுவாகத்தான் ஏறும். "முழுங்குறாரா பாருங்க" என்றேன். முழுங்கினார். மூன்று டீஸ்பூன் சீனியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, உட்காரவைத்துக் கொடுக்கச் சொன்னேன். கால் மணி நேரத்தில் மனைவி பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். பிறகும் விடவில்லை, நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அந்த மாத்திரையின் வேகம் ஒரு நாள்வரை நிற்கும், ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கலாம். அவருக்கு முழுங்கத் தெரியாத அளவு மயக்கம் இருந்திருந்தால் வாயில் ஒரு சொட்டுகூட ஊற்ற விட்டிருக்கமாட்டேன். மூச்சுக்குழாயில் போய்விடும். அப்போது ஒரே வழி 108.

குளிருக்குக் கொஞ்சம் போட்டால் சூடாக இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சூடாக இருப்பதுபோல் தெரியும், அவ்வளவுதான். மது தோலடியில் ஓடும் ரத்தக்குழாய்களை விரித்துவிடுகிறது. உள்ளே இருக்க வேண்டிய வெப்பம் தோல் வழியாக வெளியே போகிறது. முகம் கதகதப்பாகும், உடம்பு குளிர்ந்துவிடும். குடித்துவிட்டு ராத்திரி ஏரியைச் சுற்றி நடக்கிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். குளிரில் தாகம் எடுக்காது, சிறுநீர் மட்டும் அடிக்கடி போகும். குளிருக்கு உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும். சுகர்காரர்கள் 'சுகர் ஏறிடுச்சோ' என்று பயந்து தண்ணீரை இன்னும் குறைத்துவிடுகிறார்கள். நாளுக்கு ஆறு டீ, ரெண்டு காபி, தண்ணீர் அரை பாட்டில். ஊர் திரும்பும்போது தலைவலி, மலச்சிக்கல், நீர்க்கடுப்பு. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை இருப்பதால் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று போகிறவர்கள் முழிக்கிறார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். 2024 மே 7 முதல் மலைக்குள் நுழைய இ-பாஸும் வேண்டும். அதை எடுக்க மறக்காதவர்கள் பாட்டிலை மறந்துவிடுகிறார்கள்.

கேஸ் அடுப்போடு வேனில் போய்ச் சமைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். அந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 93 டிகிரி சுமாரிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் பருப்பு வேகாது. ஒரு முறை பதினோரு பேர் கொண்ட வேன் ஒன்றில் மலையிலேயே சிவப்பு பீன்ஸ் வாங்கி, திறந்த சட்டியில் சோற்றோடு போட்டுக் கிளறியிருக்கிறார்கள். பல்லில் நறுக்கென்று இருந்ததாம், புது பீன்ஸ் அப்படித்தான் போல என்று சாப்பிட்டுவிட்டார்கள். மூன்று மணி நேரத்தில் எட்டுப் பேருக்கு வாந்தி. சிவப்பு பீன்ஸை அரைவேக்காட்டில் சாப்பிட்டால் அதில் இருக்கும் லெக்டின் என்ற நச்சுப் புரதம் இந்த வேலையைச் செய்யும். குக்கரை எடுத்துப் போங்கள். குடிக்கிற தண்ணீர் என்றால் கொதி வந்த பிறகு மூன்று நிமிஷம் அடுப்பில் இருக்கட்டும்.

மோமோவைப் பற்றிக் கேட்காத பிள்ளைகள் இல்லை. ஆவியில் வெந்து, கண்ணெதிரே சூடாக எடுத்துக் கொடுக்கிற மோமோவில் எனக்கு ஒரு பயமும் இல்லை. பக்கத்தில் வைக்கிற வெள்ளை மயோனைஸில்தான் சந்தேகம். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸை 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழ்நாடு அரசு தடை செய்தது, சால்மோனெல்லா போன்ற கிருமிகளுக்குப் பயந்துதான். சிவப்புச் சட்னி போதும், நம் ஊர் முண்டு மிளகாய் தின்று வளர்ந்த நாக்குக்கு அது ஒரு காரமே இல்லை. பட்டர் ஃப்ரூட் ஜூஸ் குடிக்கிறவர்கள் சீனி போடாமல் கேளுங்கள். பழத்தில் அவ்வளவாக இனிப்பு கிடையாது, கடைக்காரர் கரண்டி கரண்டியாகப் போடுவதுதான் இனிப்பு. பிளம்ஸைக் கழுவித் தின்னுங்கள். காட்டில் பறித்த காளான் என்று யாராவது இளவட்டங்களிடம் ரகசியமாக நீட்டினால், போதைக் காளானா விஷக் காளானா என்று பிரித்துச் சொல்ல எனக்கே தெரியாது. நீட்டுகிறவருக்கும் தெரியாது.

சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் கிளம்புவதற்கு முன்னால் ஒரு தரம் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். குளுக்கோமீட்டரைக் குளிரில் வெளியே வைத்தால் சில நேரம் தப்பாகக் காட்டும், அல்லது காட்டவே காட்டாது. சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பையில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட். கூட வருகிறவர்களில் ஒருவருக்காவது நீங்கள் சுகர்காரர் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த லாட்ஜில் நாலு கூட்டாளிகளுக்கும் அது தெரியாது. சொன்னால் ஊற்றமாட்டான்கள் என்று மறைத்தாராம்.

இந்த வருஷமும் தடைக்காலத்தில் அதே குடும்பம் மலைக்குப் போய் வந்தது. குடிக்கவில்லை என்று அவர் சொன்னார், மனைவி தலையை ஆட்டினார். எனக்கு மலைப்பூண்டு அரைக்கிலோவும் ஒரு டப்பா சாக்லேட்டும் கொண்டுவந்திருந்தார்கள். மலையில் நன்றாக இருந்த சாக்லேட் மதுரை வெயிலில் உருகி, ராமநாதபுரம் தாண்டி மறுபடி இறுகி, மேலெல்லாம் வெள்ளை படிந்து கிடந்தது. "பூஞ்சை புடிச்சிருச்சும்மா, தூக்கிப் போட்ருங்க" என்றார் அந்த அம்மா. உருகி இறுகும்போது கொழுப்பு மேலே வந்து படிவதுதான் அந்த வெள்ளை, கெடுதல் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. அவர் முன்னாலேயே ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக் காட்டினேன். கொஞ்சம் மணல் மாதிரி இருந்தது, ஆனால் இனித்தது.