வாட்ச் கணக்கில் வராத நாலு மாதம்

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு ஜூன் மாலையில், குன்னூரில் இருக்கும் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு ஓர் ஆசிரியை வந்தார். வயது 36. இடது காலைத் தாங்கித் தாங்கி நடந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் முதலில் சொன்னது வலியைப் பற்றி இல்லை. "ஜனவரில சென்னைல எனக்கு ரேஸ் இருக்கு மேடம். அதுக்குள்ள சரியாயிடணும்" என்றார்.

அவர் அனுமதி பெற்றுத்தான் இதை எழுதுகிறேன். யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருடைய கனவு பாஸ்டன் மாரத்தான். 1897 முதல் நடக்கும் ஓட்டம் அது. அறக்கட்டளைகள் வழியாகப் போகிறவர்களை விட்டுவிட்டால், வேறொரு மாரத்தானில் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஓடிக் காட்டியவர்கள்தான் அதற்கு விண்ணப்பிக்க முடியும். 35 முதல் 39 வயதுப் பெண்கள் 42.195 கிலோமீட்டரை 3 மணி 30 நிமிடத்துக்குள் முடித்திருக்க வேண்டும். அதுவும் போதாது. விண்ணப்பங்கள் குவிந்தால் வேகமானவர்களுக்கே முதலில் இடம். 2026 ஓட்டத்துக்குத் தகுதி நேரத்தைவிட 4 நிமிடம் 34 விநாடியாவது குறைவாக ஓடியவர்களுக்குத்தான் இடம் கிடைத்தது. அதனால் இவர் ஜனவரி சென்னை ரேஸுக்கு 3 மணி 25 நிமிடம் என்று குறி வைத்திருந்தார். அதாவது கிலோமீட்டருக்குச் சுமார் 4 நிமிடம் 50 விநாடி. அதுவரை அவருடைய சிறந்த நேரம் 3 மணி 52 நிமிடம்.

பேராசை என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்து, அம்மா கொழுந்து பறித்த காசில் டீச்சர் டிரெயினிங் முடித்தவர். 31 வயதில் முதன்முதலாக ஷூ வாங்கி ஓட ஆரம்பித்தவர். அவர் இலக்கில் தவறே இல்லை. அதை நோக்கிப் போன விதத்தில்தான் கோளாறு.

கட்டிலில் உட்காரவைத்து, முழங்காலிலிருந்து கீழே முன்னெலும்பின் உள்விளிம்பைக் கட்டை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே வந்தேன். பாதி தூரம் வரை பேசிக்கொண்டிருந்தார். கணுக்காலுக்கு நாலு விரற்கடை மேலே வந்ததும் பேச்சு நின்று, காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். சுற்றிலும் அழுத்தினேன், ஒன்றுமில்லை. திரும்ப அந்த இடம், திரும்ப அதே வலி. ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் மூடிவிடும், அவ்வளவுதான் இடம். ஒற்றைக் காலில் ஒரே ஒரு முறை குதிக்கச் சொன்னேன். குதிக்கவில்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஓடுகிறவர்களுக்கு முன்னங்காலில் வலி வருவது சகஜம். எலும்பின் ஓரமாக நீளவாக்கில் பரவியிருந்து, ஓடத் தொடங்கிக் கால் சூடானதும் குறைகிற வலி பெரும்பாலும் 'ஷின் ஸ்ப்ளின்ட்'. ஒரே புள்ளியில் நின்று, ஓட ஓட ஏறி, பிறகு படுக்கையிலும் விண்விண் என்று தெறித்தால் எலும்பிலேயே விரிசல் விழத் தொடங்கியிருக்கலாம். இவர் ஏற்கெனவே வேறோர் இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, நார்மல் என்று கேட்டு நிம்மதியடைந்து, வலி மாத்திரை போட்டுக்கொண்டு இன்னும் மூன்று வாரம் ஓடியிருந்தார். இந்த வகை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில்தான் சீக்கிரம் தெரியும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தொடை இடுக்கில் ஆழமான வலியோடு யாராவது ஓடிக்கொண்டிருந்தால், இன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தொடை எலும்பின் கழுத்தில் விழுகிற விரிசல் முழுதாக முறிந்தால் ஆபரேஷன் வரை போகும்.

எம்.ஆர்.ஐ.க்குக் கோயம்புத்தூர் அனுப்ப எழுதிக்கொண்டே கேட்டேன், "பீரியட்ஸ் கடைசியா எப்போ வந்தது?"

கால் வலிக்கு இது எதற்கு என்பதுபோல் பார்த்தார். அப்புறம், "நாலு மாசமா வரல மேடம். நல்லா டிரெயினிங் பண்ணா அப்படித்தான் ஆகும்னு கூட ஓடறவங்க சொன்னாங்க" என்றார்.

நான் பேனாவை வைத்துவிட்டேன். இருபது வருடமாக இந்த மலையில் இந்தப் பதிலை நான் பலரிடம் கேட்டுவிட்டேன். ஓடுகிற பெண்ணுக்கு மாதவிடாய் நிற்பது நல்ல பயிற்சிக்கு அடையாளம் இல்லை. உடம்புக்குச் சோறு போதவில்லை என்பதற்கு அடையாளம்.

அவருடைய நாளை ஒவ்வொரு மணி நேரமாகக் கேட்டேன். விடியும்முன் காட்டெருமையும் கரடியும் சாலையில் நிற்கும் என்பதால் ஆறு மணிக்குத்தான் ஓட்டம். அதற்கு முன் ஒரு டம்ளர் பிளெயின் டீ மட்டும். ஓடி முடித்து, பிள்ளையைக் கிளப்பி, பஸ் பிடிக்கும் அவசரத்தில் காலைச் சாப்பாடு பெரும்பாலும் கிடையாது. பதினொரு மணிக்கு டீ, இரண்டு வர்க்கி. மதியம் டப்பாவில் கொஞ்சம் சாதம், கூடவே டீ. எடை குறைந்தால் வேகம் கூடும் என்று ராத்திரி இரண்டு சப்பாத்தியோடு நிறுத்திக்கொள்வார். 54 கிலோவாக இருந்தவர் 48 ஆகியிருந்தார். எட்டு வாரத்தில் வாராந்திர ஓட்டம் 35 கிலோமீட்டரிலிருந்து 70 ஆகியிருந்தது.

ஓடும்போது கிலோ எடைக்கு, கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 50 கிலோ உள்ளவர் 20 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 1000 கலோரி. இட்லிக் கணக்கில் பதினைந்து இருபது. ஏற்றம் இருந்தால் இன்னும் கூடும். அது தனியாகப் போட வேண்டிய சாப்பாடு. இதயம் துடிக்க, உடம்பு சூடாக இருக்க, எலும்பு புதுப்பிக்கப்பட வேறு வேண்டும். வரவு குறைந்தால் மூளை எதை நிறுத்தலாம் என்று பார்க்கும். உயிர் பிழைக்க உடனே தேவைப்படாத இனப்பெருக்க வேலையை முதலில் நிறுத்தும். கருமுட்டைப் பைக்குப் போகும் சமிக்ஞை குறைய, ஈஸ்ட்ரோஜன் குறைய, மாதவிடாய் நிற்கும். எலும்பைக் காப்பதும் அதே ஈஸ்ட்ரோஜன்தான்.

ஓட்டத்தின் அடியைத் தாங்கும் எலும்பில் பழைய பகுதி முதலில் அரித்து எடுக்கப்படும். அது சில வார வேலை. புதிய எலும்பு நிரம்பி இறுகச் சில மாதங்கள் ஆகும். இடைப்பட்ட அந்தக் காலத்தில்தான் இவர் ஓட்டத்தை இரட்டிப்பாக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பர்லியார் வரை மலைப்பாதையில் இறங்கி ஓடிவிட்டு பஸ்ஸில் திரும்புவாராம். இறக்கத்தில் ஒவ்வோர் அடியும் பிரேக் போடும் அடி. பட்டினி கிடக்கும் எலும்பு அதை எத்தனை நாள் தாங்கும்?

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர் குழு 2014-இல் இந்தக் கோளாறுக்கு 'ரெட்-எஸ்' என்று பெயர் வைத்தது. விளையாட்டில் ஏற்படும் ஆற்றல் பற்றாக்குறை என்று சொல்லலாம். ஆண்களுக்கும் இது வரும். விடாத சோர்வு, தாம்பத்திய நாட்டம் குறைவது, அடிக்கடி சளி பிடிப்பது, காலையில் இயல்பாக வரும் விறைப்பு இல்லாமல் போவது என்று வரும். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். சொல்லுங்கள் அண்ணன்மாரே, எங்களுக்கு அது தேவையான தகவல்.

ரத்தப் பரிசோதனையில் அவருக்கு ஹீமோகுளோபின் பரவாயில்லை. ஃபெரிட்டின் 9. ஃபெரிட்டின் என்பது இரும்புச் சத்தின் சேமிப்பு. 15-க்குக் கீழே போனால் குறைபாடு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கையில் காசு இருக்கிறது, பீரோ காலி என்பதுபோல. "மலையில இருக்கோம், நமக்கு எப்பவும் ஸ்டாமினா உண்டு" என்று இங்கே எல்லோரும் நம்புகிறோம். அதில் பாதிதான் உண்மை. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1850 மீட்டர், ஊட்டி 2240 மீட்டர். மூச்சில் வரும் ஆக்ஸிஜன் குறைவதால் உடம்பு சிவப்பணுக்களைக் கூடுதலாகச் செய்யப் பார்க்கும். ஆனால் அதற்கு இரும்பு வேண்டும். சேமிப்பு காலியாக இருந்தால் மலையில் வாழ்வதன் லாபம் கிடைக்காது.

இங்கேதான் நம் டீ வருகிறது. நீலகிரிக்காரியான நான் டீயை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் சாப்பாட்டோடும், சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள்ளும் வேண்டாம். டீயில் உள்ள பாலிஃபீனால்கள் கீரை, பயறு இவற்றிலுள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் ஏற விடாது. அதே கொண்டைக்கடலையில் எலுமிச்சை பிழிந்தால், அல்லது பின்னால் ஒரு கொய்யா தின்றால், கூடுதலாக ஏறும். மாத்திரை வேண்டுமா, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

எம்.ஆர்.ஐ. வந்தது. எலும்பு மஜ்ஜையில் நீர்க்கோர்வை, விரிசலின் தொடக்கம். ஜனவரி ரேஸ் கிடையாது என்று சொன்னபோது சத்தமில்லாமல் அழுதார். கூட வந்திருந்த அவர் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "வெறும் வயித்தோட கொழுந்து எடுக்கப் போயி நான் மலையில மயங்கி விழுந்தத மறந்துட்டியாம்மா?" என்றார். நான் எட்டு மணி நேரம் விளக்கியிருந்தாலும் அவ்வளவு உறைத்திருக்காது.

எட்டு வாரம் ஓட்டம் இல்லை. முதலில் வலியில்லாமல் நடை, பிறகு சைக்கிள், இடுப்புக்கும் கெண்டைக்காலுக்கும் எடைப் பயிற்சி. மகளிர் மருத்துவர் கர்ப்பம், தைராய்டு, பிசிஓடி என்கிற கருமுட்டைப் பை நீர்க்கட்டி எல்லாம் பார்த்து, அவை இல்லை என்று உறுதி செய்தார். மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் யாராக இருந்தாலும் இதைச் செய்ய வேண்டும், ஓட்டம்தான் காரணம் என்று நாமே முடிவு கட்டக்கூடாது. கருத்தடை மாத்திரை போட்டு வரவைப்பதும் தீர்வாகாது. அதில் வரும் ரத்தப்போக்கு உண்மை நிலையை மறைத்துவிடும்.

சாப்பாடுதான் மருந்து. ஓடும்முன் வாழைப்பழம், ஓடி வந்த அரை மணி நேரத்தில் இரண்டு முட்டையோடு நாலு இட்லி, பள்ளி இடைவேளையில் கடலை உருண்டை. அம்மா மறுபடி அந்த வீட்டுச் சமையலறைக்கு வந்துவிட்டார். ஒன்பதாவது வாரம் பள்ளி மைதானத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கினோம். குன்னூரில் சமதளம் தேடுவது பெரிய பாடு.

ஏழாவது மாதம், காலை ஏழே காலுக்குப் போன் வந்தது. "மேடம், வந்துருச்சு." எத்தனை நிமிடத்தில் ஓடினேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது எடை 53. வாரம் 40 கிலோமீட்டர் ஓடுகிறார், இறக்கத்தில் ஓடுவதில்லை. வாட்சில் வேகத்துக்குப் பக்கத்திலேயே மாதவிடாய்த் தேதியையும் குறித்து எனக்கு அனுப்புகிறார். பாஸ்டன் கனவை விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை. எலும்பின் அடர்த்தி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க அடுத்த வாரம் கோயம்புத்தூரில் டெக்ஸா ஸ்கேன். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ரேஸ் எது என்று உட்கார்ந்து பேசப் போகிறோம்.