போர்வெல் சென்சாரின் ‘இறங்குமுகம்’ அலாரத்தை எப்படி செட் செய்வது?

சென்னையில் எந்தப் போர்வெல்லின் நீர்மட்டத்தையும் ஜனவரியிலிருந்து ஜூன் வரை எடுத்துக் கணினியில் போடுங்கள், ‘இறங்குமுகம்’ என்றுதான் பதில் வரும். ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும் ஊரில் இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. ஆனாலும் ஓஎம்ஆர் பக்கத்து அடுக்ககங்களில் சென்சார் இறக்கியதும், கூட வரும் மென்பொருள் இதைத்தான் சிவப்பு எழுத்தில் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நாளில் அதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. இந்தத் தரவுகளோடு வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கோளாறு பெரும்பாலும் கணக்கில் இல்லை, செட்டிங்கில் இருக்கிறது.

நீர்மட்டம் ஏறுமுகமா, இறங்குமுகமா என்ற போக்கைக் கண்டறியப் பரவலாகப் பயன்படுவது மான்-கெண்டல் சோதனை. ஹென்றி மான் என்ற கணிதவியலாளர் இதை முன்வைத்தது 1945-இல். பின்னால் வந்த அளவு முன்னதைவிடக் கூடுதலா, குறைவா என்று ஜோடி ஜோடியாக எண்ணும், அவ்வளவுதான். 10 அளவுகள் இருந்தால் 45 ஜோடிகள். எவ்வளவு கூடுதல் என்பதைக் கண்டுகொள்ளாது. அதனால் சென்சார் ஒருநாள் உளறினாலும் முடிவு பெரிதாகக் கெடாது. இறங்கும் வேகத்தைச் சொல்வது 1968-இல் பிரணாப் குமார் சென் எழுதிய முறை: எல்லா ஜோடிகளின் சாய்வையும் கண்டு, வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதை எடுப்பது.

இந்தச் சோதனைக்குப் பருவம் என்றால் என்னவென்று தெரியாது. அதனால் முதலில் தேட வேண்டியது ‘சீசனல்’ என்ற தெரிவு. 1982-இல் ஹிர்ஷ், ஸ்லாக், ஸ்மித் மூவரும் கொடுத்த வடிவம் அது. ஜனவரியை ஜனவரியோடும் ஜூனை ஜூனோடும் மட்டும் ஒப்பிடும். இதை ஆன் செய்தாலே கோடைகாலப் பொய் அலாரங்களில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

அடுத்த தொல்லை கண்ணுக்குத் தெரியாதது. இன்றைய நீர்மட்டம் கிட்டத்தட்ட நேற்றையதுதான். அடுத்தடுத்த நாள்களின் ஒட்டுறவு (ஒன்றோடொன்று எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்ற அளவு; 1 என்றால் முழுமையாக) 0.9 என்று வைத்துக்கொண்டால், சராசரி காணும்போது 365 நாள் அளவுகளும் சேர்ந்து ஏறக்குறைய 19 சுயேச்சையான அளவுகளின் பலத்தைத்தான் தரும். மென்பொருளோ 365 பேர் தனித்தனியாக வந்து சாட்சி சொன்னதாக நம்பி, சின்ன அசைவையும் ‘உறுதியான போக்கு’ என்று அறிவித்துவிடும். தினசரி அளவை அப்படியே ஊட்டாமல் மாதத்துக்கு ஒரு இடைநிலை மதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதை) கொடுங்கள். அடுத்தடுத்த அளவுகளின் இந்த ஒட்டுறவைக் கணக்கில் எடுக்கும் தன்னொட்டுறவுத் திருத்தம் (autocorrelation correction) என்ற வசதி இருந்தால் அதையும் போடுங்கள்.

அப்புறம், தொடக்கத் தேதி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தொடங்கி 2019 ஜூனில் முடித்தால் ஊரே வறண்டுகொண்டிருப்பதாக வரைபடம் காட்டும். ஏரிகள் காய்ந்து கிடந்த அந்த ஜூனிலிருந்து ஏதோ ஒரு நல்ல மழைக்காலம் வரை எடுத்தால் எல்லாம் செழிப்பு. இரண்டும் உண்மைத் தரவுதான்! நான் தொடக்கத்தை ஓராண்டு முன்னும் பின்னும் நகர்த்தி ஓட்டிப் பார்ப்பேன்; திசை மாறினால் அதைப் போக்கு என்று யாரிடமும் சொல்வதில்லை. குறைந்த காலத் தரவும் இதே கதிதான். ஆண்டுக்கு ஒரு அளவு என நான்கே ஆண்டுகள் இருந்தால், நான்கும் வரிசையாக இறங்கினாலும் தற்செயலுக்கான வாய்ப்பு, ஏற்றம், இறக்கம் இரண்டையும் எண்ணும் இருபக்கச் சோதனையில், 24-இல் 2 (நான்கு எண்களை 24 விதமாக அடுக்கலாம்). அதாவது 8 சதவீதத்துக்கு மேல். தற்செயல் வாய்ப்பு இதற்குக் கீழே இருந்தால்தான் ‘உறுதி’ என்று வழக்கமாக வைக்கும் 5 சதவீத எல்லையை அது தொடவே முடியாது.

சென்சார் பக்கமும் பார்க்க வேண்டும். மோட்டார் ஓடும்போது எடுத்த அளவு கிணற்றின் மட்டமே அல்ல. விடியற்காலை 3 மணி வாக்கில், மோட்டார் நின்று நேரமான பிறகு எடுப்பது நல்லது. சில கருவிகள் தரையிலிருந்து ஆழத்தைத் தரும், அங்கே எண் ஏறினால் தண்ணீர் இறங்குகிறது என்று பொருள். விடுபட்ட நாளைப் பூஜ்ஜியமாக நிரப்பும் மென்பொருளில் அந்தத் தெரிவை முதலில் அணையுங்கள். ஆழக் கணக்கில் பூஜ்ஜியம் என்றால் தண்ணீர் தரைமட்டத்துக்கு வந்துவிட்டது என்று ஆகிவிடும்.

200 கிணறுகளை ஒரே திரையில் பார்க்கும் பராமரிப்பு நிறுவனங்களுக்கு ஒரு வார்த்தை. 5 சதவீத எல்லை வைத்தால், எதுவுமே மாறாதபோதும் சராசரியாக 10 கிணறுகள் சிவப்பாகும். பல சோதனைகளை ஒன்றாக ஓட்டும்போது பொய் அலாரங்களின் பங்கைக் கட்டுக்குள் வைக்க 1995-இல் பெஞ்சமினி, ஹாக்பெர்க் என்ற புள்ளியியலாளர்கள் தந்த திருத்தம் இதற்குத்தான். அதோடு, வேகத்துக்கும் ஒரு குறைந்தபட்சம் வையுங்கள். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் இறக்கம் புள்ளியியல்படி உறுதியாகவே இருக்கட்டும், அதை வைத்து அசோசியேஷன் என்ன செய்யும்?

போக்குச் சோதனையைத் தினமும் ஓட்டத் தேவையில்லை. ஓட்ட ஓட்டப் பொய் அலாரத்துக்கான வாய்ப்புதான் கூடும். மாதக் கணக்கு முடிந்ததும் ஒருமுறை போதும், அந்த அறிக்கை செயற்குழுவுக்குப் போகட்டும். தண்ணீர் மோட்டார் மட்டத்தை நெருங்குகிறதா என்பதற்கு எளிய எல்லை அலாரம் ஒன்றைத் தனியாக வைத்து, மோட்டார் போடுகிறவரின் போனுக்கே நேராகப் போகும்படி செய்துவிடுங்கள்.