கிம்ப் போட்டேன், கூடவே வேறு எதுவோ வந்துவிட்டது

"பிரவுசரைத் திறந்தாலே ஏதோ ஒரு தேடல் பக்கம் வந்து நிற்கிறது சார்" என்று சர்வீசுக்கு வரும் கம்ப்யூட்டர்களில் பல சமயம் பெரிய வைரஸ் எதுவும் இருப்பதில்லை. இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்த டூல்பார்தான் இருக்கும். "கிம்ப் மட்டும்தானே போட்டேன்" என்பார்கள். அது பொய்யில்லை. யார் கையிலிருந்து வாங்கிப் போட்டார்கள் என்பதுதான் கேள்வி.

இதை வைத்து ஊரறிய ஒரு சண்டையே நடந்திருக்கிறது. படங்களைத் திருத்த உதவும் கிம்ப், ஓப்பன் சோர்ஸ் எனப்படும் கட்டற்ற மென்பொருள்; அது எழுதப்பட்ட மூலநிரலை யாரும் பார்க்கலாம். அதன் விண்டோஸ் இன்ஸ்டாலர், மென்பொருள்களை இறக்கிக்கொள்ள உதவும் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் கிடைத்துவந்தது. ஒரு காலத்தில் ஓப்பன் சோர்ஸ்காரர்கள் எல்லோரும் கூடிய இடம் அது. 2013-இல் அந்தத் தளம் டெவ்ஷேர் என்று ஒன்றை ஆரம்பித்தது. இன்ஸ்டாலரோடு விளம்பர மென்பொருளையும் சேர்த்துக் கொடுப்பது, வரும் காசில் மென்பொருளை உருவாக்குபவர்களுக்கும் பங்கு தருவது என்பது ஏற்பாடு. போதாக்குறைக்கு, 'டவுன்லோட்' பட்டன் போலவே தெரியும் விளம்பரங்கள் வேறு. கிம்ப் குழுவுக்கு இது பிடிக்கவில்லை. அந்த வருடம் நவம்பரில் அங்கிருந்து விலகி, கோப்புகளைத் தன் சொந்தத் தளத்திலேயே வைத்துக்கொண்டது.

அப்புறம்தான் விஷயம் முற்றியது. 2015 மே மாதம், பழைய கிம்ப் பக்கம் கைவிடப்பட்டது என்று சொல்லி சோர்ஸ்ஃபோர்ஜ் அதைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்து, விளம்பரம் சேர்த்த இன்ஸ்டாலரை அங்கே வைத்தது. வீட்டை மாற்றிக்கொண்டு போனவரைச் செத்துவிட்டார் என்று சொல்வதுபோல இருக்கிறது இது! கிம்ப் குழு வெளிப்படையாகக் கண்டித்தது. எதிர்ப்பு வலுத்ததும் சோர்ஸ்ஃபோர்ஜ் பின்வாங்கியது. 2016-இல் தளத்தை வாங்கிய புதிய உரிமையாளர்கள் டெவ்ஷேரையே நிறுத்திவிட்டார்கள்.

"ஓப்பன் சோர்ஸ்தானே, பயமில்லை" என்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிம்ப்பின் ஜிபிஎல் உரிமப்படி யார் வேண்டுமானாலும் அதைப் பிரதியெடுத்து விநியோகிக்கலாம், காசுக்குக்கூட விற்கலாம். மூலநிரலை உலகமே பார்க்கலாம் என்பது சரிதான். ஆனால் நீங்கள் டபுள் கிளிக் செய்யும் அந்த இன்ஸ்டாலரை வேறு யாரோ தயாரித்திருக்கலாம்.

அதனால் தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்பைத் தொடாதீர்கள். மென்பொருளின் சொந்தத் தளத்துக்குப் போய், அது எங்கே அனுப்புகிறதோ அங்கிருந்து இறக்குங்கள். அது சோர்ஸ்ஃபோர்ஜாகவே இருந்தாலும் சரி. இன்றும் நல்ல மென்பொருள்கள் பல அங்கே இருக்கின்றன. இன்ஸ்டால் செய்யும்போது சம்பந்தமில்லாத பெயரில் 'அக்செப்ட்', 'டிக்ளைன்' என்று ஒரு திரை வந்தால் டிக்ளைன் கொடுப்பதோடு விடாமல், மொத்தத்தையும் ரத்து செய்துவிட்டு அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள். அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர்கள், கிம்ப் தளத்தில் கொடுத்திருக்கும் ஷா-256 எண்ணோடு (கோப்பு மாறினால் இந்த எண்ணும் மாறிவிடும்) இறக்கிய கோப்பின் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். பிரச்சினை ஆரம்பித்த நாளில் நீங்கள் போடாத பெயர்கள் நுழைந்திருந்தால் முதலில் அவற்றை நீக்குங்கள். அப்புறம் பிரவுசரோடு சேர்ந்து ஓடும் சின்ன நிரல்களான எக்ஸ்டென்ஷன்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாதிப் பேர் இதை மறந்துவிட்டு, அடுத்த வாரமே திரும்பி வருகிறார்கள்.